நுண்மாண் நுழைபுலம் என்றால் என்ன?

தமிழ் விழா மேடை எதற்காவது முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொடர் காதில் விழாமல் போகாது. "நுண்மாண் நுழைபுலம் மிக்க நமது பேராசிரியர் அவர்களை..." என்று தொகுப்பாளர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அப்புறம் பொன்னாடை, கைதட்டல். அணிந்துரைகளிலும் வாழ்த்துமடல்களிலும் இதே கதைதான். அறிவாளி என்பதைக் கொஞ்சம் படாடோபமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து நாமும் கடந்து போய்விடுகிறோம்.

அந்தத் தொடருக்குத் திட்டமான ஒரு பொருள் உண்டு. நிறையப் படித்தவர் என்பது அதன் பொருளில்லை. கேட்டவுடன் டக்கென்று பதில் சொல்பவர் என்பதும் இல்லை. மற்றவர்களின் பார்வை முட்டி நின்றுவிடுகிற இடத்தைத் தாண்டி, ஒரு விஷயத்துக்குள்ளே போகிற அறிவு. அதற்குத்தான் இந்தப் பெயர். ஏன் அப்படி என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம். பழைய இலக்கியத்தில் ஒன்றிரண்டு இடங்களையும் தொட்டுக்கொள்ளலாம். இலக்கணம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

முதலில் இது வந்த இடம். திருக்குறளில் 'கல்லாமை' அதிகாரத்தில் 407ஆம் குறள்:

நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை அற்று.

நுட்பமும் சிறப்பும் கொண்டு உள்ளே நுழைகிற அறிவு இல்லாதவனுடைய அழகு, மண்ணால் சிறப்பாகச் செய்து அலங்கரித்த பொம்மையின் அழகைப் போன்றது என்கிறார் வள்ளுவர். கவனித்தீர்களா? இன்று பாராட்டாக வழங்கும் தொடர், பிறந்த இடத்தில் 'இல்லான்' என்ற சொல்லோடுதான் நிற்கிறது. இருப்பவனைப் புகழ வந்த குறள் இல்லை இது, இல்லாதவனைக் கிண்டல் செய்ய வந்தது. திருக்குறள் முழுவதிலும் இந்தத் தொடர் வருவதும் இந்த ஓரிடத்தில்தான்.

கிண்டலின் கட்டுமானமும் ரசிக்கத்தக்கது. முதல் அடியில் 'நுண்மாண்', இரண்டாம் அடியில் 'மண்மாண்'. ஓசையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு பக்கம் நுண்மையால் வந்த சிறப்பு, மறு பக்கம் மண்ணால் வந்த சிறப்பு. பரிமேலழகர் இந்த 'மண்' என்பதற்குச் சுதை என்று பொருள் எழுதுகிறார். கோயில் கோபுரத்தில் பார்க்கிறோமே, அந்தச் சுதைச் சிற்பம் மாதிரி. நமக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் செய்யும் கொலு பொம்மைகளைச் சொல்லலாம். புருவம், பட்டுக்கரை, நகைகள் என்று எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அச்சில் வார்த்த பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே காலி.

மேலே போவதற்கு முன் எழுத்துப்பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கும் கண்ணில் படுகிறது. 'நுண்மான் நுழைபுலம்' என்று எழுதுகிறார்கள். அழைப்பிதழ்களில், ஏன், சில புத்தகங்களில்கூட. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டால் மாண்பு போய் மான் வந்துவிடும். பாராட்டப்படுபவர் ஒரு குட்டி மானாகிவிடுவார். 'நுழைப்புலம்' என்று இடையில் ப் போடுவதும் தவறு. அதன் காரணம் சுவையானது, பின்னால் வருகிறேன்.

சரி, சொற்கள். நுண், மாண், நுழை, புலம் என்று நான்கு.

'நுண்' நமக்குத் தெரிந்ததுதான். மிகச் சிறியது, மெல்லியது, பொடியானது. நுண்ணுயிர், நுண்கடன், நுண்ணோக்கி என்று புதிய சொற்கள் எவ்வளவோ இதிலிருந்து வந்துவிட்டன. ஆனால் இது புத்தகத்தோடு நின்றுவிட்ட சொல் அல்ல. சமையலறையில் மிளகை 'நுணுக்கிப் போடு' என்கிறோம். பொடி எழுத்தில் எழுதும் பிள்ளையை 'என்ன இப்படி நுணுக்கி நுணுக்கி எழுதுற' என்று கேட்கிறோம். நுணுக்கம், நுட்பம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கன்னடத்தில் நுணுப்பு என்றும் தெலுங்கில் நுன்ன என்றும் வழங்கும் சொற்களும் உறவுகளே. அங்கே அவை வழவழப்பைக் குறிக்கும். பொடியாக்கப் பொடியாக்கச் சொரசொரப்பு போய்விடும் இல்லையா, அந்தத் தொடர்பு.

அடுத்து 'மாண்'. மாண்பு, மாட்சி என்பவற்றில் உள்ள அதே மாண். இன்று அமைச்சர்களும் நீதிபதிகளும் 'மாண்புமிகு' ஆகிவிட்டார்கள். சிறப்பு என்று பொருள். இங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

'நுழை' என்பதில்தான் நிற்க வேண்டும். இன்று நுழைவு என்றால் வாசல் நினைவுக்கு வரும். நுழைவுச்சீட்டு, நுழைவுத் தேர்வு, 'உள்ளே நுழையாதே' பலகை. மலையாளத்திலும் ஊடுருவலுக்கு நுழஞ்ஞுகயற்றம் என்றுதான் பெயர். ஆனால் பழைய தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி. எளிதில் விளங்காத சொற்களை எடுத்துப் பொருள் சொல்கிற பகுதி அது. ஒரு சின்ன அகராதி என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு நூற்பா:

நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை.

அதாவது நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகிய மூன்று சொற்களுக்கும் நுண்மை என்று பொருள். 'நுழைவு' என்றாலே நுண்மை! வாசலுக்கும் மென்மைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டைப் பார்த்தால் திகைப்பு தீர்ந்துவிடும். மலைபடுகடாம் என்ற பாட்டில் நன்னன் என்ற மன்னன் கலைஞர்களுக்குக் கொடுக்கும் துணியைப் பற்றிய அடி அது: 'இழைமருங்கு அறியா நுழைநூற் கலிங்கம்'. கலிங்கம் என்றால் ஆடை. இழை எங்கே ஓடுகிறது என்றே கண்டுபிடிக்க முடியாத அளவு மெல்லிய நூலால் நெய்த ஆடை. அந்த நூலுக்குப் பெயர் 'நுழை நூல்'.

நூல் எவ்வளவு மெல்லியதாக முடியும் என்பதற்கு நெசவுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. வேட்டி வாங்கும்போது '40ஆம் நம்பர் நூல்', '80ஆம் நம்பர்', '100 கவுண்ட்' என்று கடைக்காரர் சொல்வாரே, அதுதான். 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். 100ஆம் நம்பரோ அதே எடையில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். மெலிந்த இழை, முரட்டு இழை புக முடியாத சந்துக்குள்ளும் புகும். ஊசியில் நூல் கோத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நுண்மையும் நுழைவும் ஏன் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை: மெல்லியதுதான் நுழையும்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். வறுமையில் வாடிய ஒரு பொருநன், அதாவது ஒரு கூத்துக் கலைஞன், கரிகாலனிடம் வந்து சேர்கிறான். அவன் உடுத்தியிருக்கும் துணியைப் பாருங்கள்:

ஈரும் பேனும் இருந்திறை கூடி
வேரொடு நனைந்து வேற்றிழை நுழைந்த
துன்னற் சிதாஅர் துவர நீக்கி
நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து
அரவுரி அன்ன அறுவை நல்கி...

ஈரும் பேனும் குடியிருக்கும் துணி. வேர் என்றால் இங்கே வியர்வை. அதில் ஊறிப்போன துணி. கிழிந்து கிழிந்து, வேறு வேறு நூல்கள் நுழைந்து, தையலே துணியாகிவிட்ட கந்தல். அதைக் களைந்துவிட்டுக் கரிகாலன் புதிய உடை தருகிறான். பூ வேலைப்பாடு கொண்ட, பாம்பு உரித்த சட்டை போன்ற துணி. அதன் மென்மை எப்படிப்பட்டது? 'நோக்கு நுழைகல்லா நுண்மைய'. பார்வை நுழைய முடியாத நுண்மை உடையது.

ஐந்தே அடிகளில் 'நுழை' இரண்டு முறை வந்துவிட்டது. கந்தலுக்குள் கண்ட கண்ட நூலெல்லாம் நுழைகிறது. அரசன் தந்த துணிக்குள்ளோ கண்ணின் பார்வைகூட நுழைய முடியவில்லை. புலவர் தெரிந்தே செய்த வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. நமக்கு இதில் முக்கியம், நுண், நுழை, நோக்கு மூன்றும் ஒரே அடியில் நிற்பது. ஒரு பொருள் மிக நுண்மையாக இருந்தால் சாதாரணப் பார்வை அதற்குள் போகாது, வெளியிலேயே நின்றுவிடும். அப்படியானால் அதற்குள்ளும் போகிற பார்வை ஒன்று இருந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? அந்த இழைகளைவிட நுண்மையாக இருக்க வேண்டும். குறளில் வரும் 'நுண்மாண் நுழைபுலம்' இந்தக் கேள்விக்கு விடை மாதிரி அமைந்திருக்கிறது.

இனி 'புலம்'. தமிழில் இவ்வளவு வேலை செய்கிற சொல் கொஞ்சம்தான் இருக்கும். திருக்குறளுக்குள்ளேயே அது எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். 'விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்' என்ற 85ஆம் குறளில் புலம் என்றால் வயல். விருந்தினருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை உண்பவனுடைய வயலுக்கு விதைகூடப் போட வேண்டுமா என்று கேட்கிறது அந்தக் குறள். 43ஆம் குறளில் 'தென்புலத்தார்' என்னும்போது புலம் திசையாகிறது. 343இல் 'ஐந்தன் புலத்தை' அடக்கச் சொல்லும்போது கண், காது முதலிய ஐந்தும் அறிகிற புலன்கள். புலம், புலன் இரண்டும் ஒன்றுதான். நிலம், நிலன் மாதிரி. 716இல் 'வியன்புலம்' என்றால் பரந்த அறிவுத்துறை. 407இல் அறிவு.

வயலுக்கும் அறிவுக்கும் ஒரே சொல் இருப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம். ஊரைவிட்டுப் போனவர்கள் புலம்பெயர்ந்தவர்கள். அங்கே புலம் நிலம். கண்ணுக்குத் தெரிந்தால் புலப்பட்டது. பாட்டு எழுதத் தெரிந்தவர் புலவர், அவரிடம் இருப்பது புலமை. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடிப்புலம், கலைப்புலம் என்று துறைகளின் தொகுதிக்கே புலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண் எட்டும் பரப்பு, காலால் நடக்கும் பரப்பு, மனத்தால் நடக்கும் பரப்பு எல்லாமே புலம்தான். 'வியன்புலம்' அகலத்தைச் சொல்கிறது, 'நுழைபுலம்' உள்ளே போவதைச் சொல்கிறது. அகல உழுவதைவிட ஆழ உழு என்ற பழமொழியை இந்த இடத்தில் யாராவது நினைத்துக்கொண்டால் தவறில்லை.

இப்போது ப் விவகாரத்துக்கு வரலாம். 'நுழைபுலம்' என்பது இலக்கணத்தில் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் எல்லாம் இந்த வகை. காலம் காட்டும் பகுதி மறைந்து நிற்பதால் மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் எல்லாம் ஊறுகாய். வினைத்தொகையில் வல்லின ஒற்று மிகாது. யாரும் 'ஊறுக்காய்' என்று எழுதுவதில்லை. அதேபோல்தான் நுழைபுலம். நுழைந்த அறிவு, நுழைகின்ற அறிவு, நுழையும் அறிவு என்று மூன்றும் அதில் அடங்கும். நடுவில் ப் போட்டால் பிழை ஆவதோடு இந்த மூன்று கால வசதியும் போய்விடும்.

பரிமேலழகர் இந்த மூன்றில் இறந்த காலத்தை எடுத்துக்கொள்கிறார். நுண்ணியதாய், மாட்சிமைப்பட்டு, பல நூல்களிலும் சென்ற அறிவு என்பது அவர் உரையின் சாரம். அதிகாரம் கல்லாமை ஆயிற்றே, அதனால் நூல்களைக் கொண்டுவருகிறார். இடத்துக்குப் பொருத்தமான உரைதான். அறிவுக்கு மாட்சிமை என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறார்: பொருள்களை விரைவாகக் காண்பது, மறக்காமல் இருப்பது போன்றவை. நான் அவசரமாகத் தாண்டி வந்த 'மாண்' என்ற சொல்லுக்கு உரைகாரர் வேலை கொடுத்துவிட்டார்.

நூல் என்ற சொல்லும் தமிழில் இழைக்கும் புத்தகத்துக்கும் பொது என்பதை மறக்க வேண்டாம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் புத்தகம் உருவாவதை நூல் நூற்பதாகவே ஒரு பாட்டில் விரிக்கிறார். சொல்தான் பஞ்சு. செய்யுள் இழை. புலவன் நூற்கும் பெண். வாய் கை. கதிர் எது? 'கதிரே மதியாக' என்கிறார். பஞ்சைத் திரித்து இழையாக்குகிற கதிரின் இடத்தில் மதியை வைக்கிறார். நுழைநூல் கலிங்கத்திலிருந்து நுழைபுலத்துக்கு வந்த நமக்கு இது பழகிய தெரு.

இனி, பக்கத்துவீட்டுச் சொற்கள். நுண்மாண் நுழைபுலத்தோடு அடிக்கடி குழம்புபவை இவை.

கூர்மை, கூர்மதி, புத்திக்கூர்மை ஆகியவை ஆயுதத்திலிருந்து வந்தவை. கூர்மை வெட்டும். வாதத்தில் எதிராளியை மடக்கும் வழக்கறிஞரிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். வள்ளுவருக்கு இதன் மேல் முழு நம்பிக்கை இல்லை. 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்' என்று 997ஆம் குறளில் சொல்கிறார். அரத்தைப் போலக் கூர்மையான அறிவு இருந்தாலும் மக்கட்பண்பு இல்லையென்றால் மரம்தான். அரம் தன்னைத் தொட்டதைத் தேய்க்கும், அறுக்கும். எதற்குள்ளும் போய் உட்காராது. நுழைபுலத்தின் இயல்பு வேறு. ஒன்றைப் புரிந்துகொள்ள அதை வெட்ட வேண்டியதில்லை.

கற்பூர புத்தி என்பது வேகம். காட்டியவுடன் பற்றிக்கொள்ளும். கரி மெதுவாகப் பற்றும், வாழைமட்டை பற்றவே பற்றாது என்று பெரியவர்கள் மாணவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கு கரிக்கு அநியாயம் செய்கிறது. நுழைபுலம் உள்ளவர்கள் பலர் மெதுவானவர்கள். அவர்கள் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் கற்பூரங்கள் எரிந்து முடிந்திருக்கும்.

நுனிப்புல் மேய்தல் என்பது நேர் எதிர்ச்சொல். நுனியோடு நிறுத்திவிடுவது.

மதிநுட்பம் சற்று நெருங்கிய சொந்தம். 'அமைச்சு' அதிகாரத்தில் 636ஆம் குறள் 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு அதிநுட்பம் யாவுள முன்நிற் பவை' என்கிறது. மதிநுட்பமும் நூலறிவும் சேர்ந்து இருப்பவர்கள் முன்னால், எந்தச் சூழ்ச்சி மிக நுட்பமாக நிற்க முடியும்? 'நூலோடு' என்று வள்ளுவர் பிரித்துச் சொல்கிறார் பாருங்கள். படிப்பு வேறு, நுட்பம் வேறு, இரண்டும் வேண்டும். பரிமேலழகர் இதை இன்னும் துலக்கமாக்குகிறார். நுண்ணறிவு இயற்கை, நூலறிவு செயற்கை என்பது அவர் பாகுபாடு. பிறவியோடு வருவது முன்னது, படித்துச் சேர்ப்பது பின்னது.

இதைப் படித்துவிட்டு இன்றைய செய்தித்தாளைப் புரட்டினால் சிரிப்பு வரும். 'செயற்கை நுண்ணறிவு' என்று எங்கும் எழுதுகிறோம். பரிமேலழகர் கணக்குப்படி நுண்ணறிவில் செயற்கை கிடையாது. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் விழுங்கிவிட்டுப் பதில் சொல்கிற இயந்திரத்துக்கு அவர் பெயர் வைத்திருந்தால் 'செயற்கை நூலறிவு' என்று ஏதாவது வைத்திருப்பார். சொல் ஊன்றிவிட்டது, இனி யாரும் மாற்றப் போவதில்லை. மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. உளவியல் பாடத்தில் நுண்ணறிவு ஈவு, காவல்துறையில் போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவு என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. அதனாலேயே பழைய பொருளைச் சொல்ல நமக்கு 'நுழைபுலம்' தேவைப்படுகிறது.

பிறவியிலேயே வர வேண்டும் என்றால் நமக்கெல்லாம் வழியில்லையா என்று கேட்கலாம். வள்ளுவர் கதவை அடைக்கவில்லை. 424ஆம் குறளில் அறிவுக்கு ஓர் இலக்கணம் சொல்கிறார்: தான் சொல்வதைக் கேட்பவர் மனத்தில் எளிதாகப் போய்ச் சேரும்படி சொல்லுதல், பிறர் சொல்வதில் உள்ள நுண்பொருளைக் காணுதல். முதல் பாதி பேச்சு, இரண்டாம் பாதி கேட்பது. அவர்கள் எளிதாகச் சொல்லவில்லை என்றாலும் நாம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இது பழக்கத்தால் வருவது. 419இல் 'நுணங்கிய கேள்வியர்' என்று ஒரு சாராரைக் குறிப்பிடுகிறார். நுட்பமாகக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் பணிவான பேச்சு வருமாம். தொல்காப்பியர் சொன்ன 'நுணங்கு' காதுக்கு வந்துவிட்டது. 710இல் கண். நாங்கள் நுட்பமானவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களின் அளவுகோல் என்ன என்று பார்த்தால், கண்ணைத் தவிர வேறில்லை என்கிறார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே கருத்தை அளந்துவிடுவார்களாம்.

ஆள் யாரையாவது காட்டினால் இன்னும் விளங்கும். எனக்குத் தோன்றுபவர் உ.வே.சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவரிடம், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையரோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், அந்தாதிகளும் கோவைகளும் புராணங்களும் கரைத்துக் குடித்தவர். வியன்புலத்துக்குக் குறையே இல்லை. ஆனால் சிந்தாமணி ஒரு சமண காவியம். அதில் வரும் சொற்களும் கொள்கைகளும் அவர் பழகிய சைவ உலகத்தில் இல்லாதவை. அவற்றின் பொருளைத் தன் படிப்பை வைத்தே ஊகித்து எழுதியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அவர்கள் அந்தக் காவியத்தை எப்படிப் படிக்கிறார்கள், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 1887இல் அவருடைய சிந்தாமணிப் பதிப்பு வந்தது. அந்தக் காவியத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரையில் எந்த நூலென்று பெயர் சொல்லாமல் மேற்கோள்கள் குவிந்து கிடந்தன. அந்த அடிகளைப் பிடித்துக்கொண்டே போனவருக்குச் சங்க இலக்கியம் திறந்தது. 1889இல் பத்துப்பாட்டை வெளியிட்டார். மேலே பார்த்த 'நோக்கு நுழைகல்லா நுண்மைய' என்ற அடியும் அப்படி ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்ததுதான்.

இதில் கற்பூர வேகமும் இல்லை, அரத்தின் கூர்மையும் இல்லை. தெரியாத ஒரு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தது மட்டும்தான்.

அப்படியானால் இந்தத் தொடரை எங்கே பயன்படுத்தலாம்? ஒரு கல்வெட்டில் மற்றவர்கள் படிக்காமல் விட்ட எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு, நோயாளி சொல்லாமல் விட்டதைக் கேட்டு நோயைப் பிடிக்கும் மருத்துவருக்கு, கணக்கேட்டில் எல்லாம் சரியாகக் கூட்டி வந்தும் எங்கோ இடிக்கிறது என்று உணர்கிற தணிக்கையாளருக்குத் தாராளமாகச் சொல்லலாம். விழாவுக்கு நன்கொடை கொடுத்தவருக்கு வள்ளல் என்ற சொல் இருக்கிறது, அது போதும். வினாடி வினாவில் வென்ற மாணவிக்கு நினைவாற்றல், சமயோசிதம் என்று எவ்வளவோ உண்டு. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் 'மாண்' என்பதில் மூன்று சுழி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.